கல்வெட்டின் அட்டையில் ஓர் ஏரி

என் கணவரின் முகத்தை நான் இருநூறு தடவைக்கு மேல் பசை தடவி மூடியிருக்கிறேன். லண்டன் ரெய்னர்ஸ் லேன் பக்கத்துச் சனங்களைக் கேட்டால் வேறு விதமாகச் சொல்வார்கள். புருஷன் போன துக்கத்தில் அவளுக்கு மூளை கலங்கிவிட்டது, கொடுத்த கல்வெட்டை வீடு வீடாகப் போய்த் திருப்பிக் கேட்கிறாள் என்பார்கள். எனக்கு மூளை கலங்கவில்லை, கோபம் வந்தது. இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாதவர்களுக்கு நான் என்ன செய்ய?

கல்வெட்டு என்றதும் கோயில் சுவரைத் தேட வேண்டாம். யாழ்ப்பாணத்தார் வீட்டில் ஒருவர் இறந்தால், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடித்து, வந்தவர்களுக்குச் சோறு போட்டு, போகும்போது கையில் ஒரு சின்னப் புத்தகம் கொடுத்து அனுப்புவோம். அதற்குப் பெயர்தான் கல்வெட்டு. அட்டையில் இறந்தவரின் படம் இருக்கும். உள்ளே பக்திப் பாடல்கள், அவருடைய வாழ்க்கை வரலாறு, யாருக்கு யார் என்ன முறை என்ற விபரம், அதன்பிறகு புலம்பல்கள். மனைவி புலம்பல், பிள்ளைகள் புலம்பல், சகோதரர் புலம்பல் என்று வரிசையாக வரும். இவற்றை மனைவியோ சகோதரரோ எழுதுவதில்லை. அதற்கென்றே எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். இறந்தவரின் பெயரையும் ஊரையும் சொல்லிவிட்டால் போதும், மறுநாளே நாங்கள் எதுகை மோனையோடு அழுதுகொண்டிருப்போம்.

இந்தப் புத்தகத்தை யாரும் வாசிப்பதில்லை, யாரும் எறிவதும் இல்லை. சாமி படமும் செத்தவரின் முகமும் உள்ள ஒன்றைக் குப்பைத் தொட்டியில் போட எவருக்கும் கை வராது. அதனால் ஹரோவில் எந்தத் தமிழ் வீட்டிலும் ஏதாவதொரு மேசை லாச்சியை இழுத்தால் ஏழெட்டுப் பேர் சிரித்துக்கொண்டு படுத்திருப்பார்கள். என் வீட்டு லாச்சியிலும் இருக்கிறார்கள். ரிமோட்டுக்குப் பாற்றரி தேடும்போதும் ரப்பர் வளையம் தேடும்போதும் அவர்களை ஒதுக்கிவிட்டுத்தான் தேட வேண்டும்.

என் கணவர் இந்த லாச்சிக்குள் போக விரும்பவில்லை. அல்லது, போவதென்றால் தன் முகம் இல்லாமல் போக விரும்பினார். கதை அவ்வளவுதான். அந்த ஒரு சின்ன விருப்பத்தைக் காப்பாற்ற நான் பட்ட பாடுதான் மிச்சம்.

அவர் இருபத்திரண்டு வருஷம் லண்டனில் பஸ் ஓட்டியவர். இரண்டு சிறுநீரகங்களும் கைவிட்ட பிறகு பஸ்ஸை விட்டார். வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் டயலிசிஸ். கையில் ஊசி ஏற்றிக்கொண்டு நாலு மணித்தியாலம் ஒரே கதிரையில் இருக்க வேண்டும். நான் மருந்துக்கடை ஒன்றில் கவுண்டரில் நிற்கிறவள். புதன்கிழமை எனக்கு லீவு, அன்றைக்கு அவரோடு போய்ப் பக்கத்தில் இருப்பேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அந்த நாலு மணித்தியாலமும் நாங்கள் இரண்டு பேரும் அந்த மெஷினும்தான்.

அவருடைய கதிரைக்கு எதிர்ச் சுவரில் ஒரு படம் மாட்டியிருந்தார்கள். பழைய ஓவியம் ஒன்றின் அச்சுப் பிரதி. படத்தின் முக்கால்வாசியும் ஏரி. சாம்பல் கலந்த நீலத்தில் தண்ணீர், அதன்மேல் சீப்பால் இழுத்துவிட்டமாதிரிக் குறுக்கே நீளும் வெள்ளிக் கோடுகள். பின்னால் இரண்டு மலைகள், ஒன்று ஊதா, மற்றது அதைவிட இருட்டு. அவை தண்ணீருக்குள் தலைகீழாக இன்னொரு முறை நின்றன. மேலே வானத்துக்கு ஒரு விரற்கடை இடம்தான் மிச்சம். முதல் நாள் பார்த்தபோது, நோயாளிகள் இருக்கிற இடத்தில் இவ்வளவு சோகமான படத்தை எவன் கொண்டுவந்து மாட்டினான் என்று எனக்கு எரிச்சல் வந்தது.

ஒரு புதன்கிழமை அவர் சொன்னார், “இஞ்சேர், இந்தப் படத்துக்குள்ளை ஒரு ஆளைக் கண்டுபிடி பாப்பம்.”

நான் எழுந்து போய்க் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேடினேன். படகு இல்லை. வீடு இல்லை. புகை இல்லை. ஒரு கொக்குக்கூட இல்லை.

“ஒருத்தரும் இல்லையே,” என்றேன்.

“ஓம். நானும் மூண்டு மாசமாத் தேடுறன். ஒருத்தரும் இல்லை.” அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் எங்கள் கல்யாண வீடியோவில்கூடக் கண்டதில்லை.

ஏன் அந்தச் சந்தோஷம் என்று பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். இருபத்தாறு வயதில் இந்த நாட்டுக்கு வந்து இறங்கிய நாளிலிருந்து அவருடைய முகம் அவருடையதாக இருக்கவில்லையாம். குரோய்டனில் அகதி விண்ணப்பம் கொடுத்தபோது முகப் படத்தை வாங்கித் தாளில் ஒட்டினார்கள். அந்தத் தாளைக் காட்டு, அதில் இருப்பது நீதானா என்று பார்க்க வேண்டும், நிமிர் என்பார்களாம். பிறகு விசா, பாஸ்போர்ட், லைசென்ஸ், பஸ் டிப்போ அட்டை, கடைசியில் ஆஸ்பத்திரி அட்டை. எங்கே போனாலும் யாரோ ஒருவர் தாளைப் பார்ப்பார், முகத்தைப் பார்ப்பார், திரும்பவும் தாளைப் பார்ப்பார். இது நீ இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று அந்த இரண்டு மூன்று விநாடியும் பயந்துகொண்டு நிற்பாராம். பிரிட்டிஷ் பாஸ்போர்ட் கிடைத்து இருபது வருஷமாகியும் அப்படித்தானாம். பாஸ்போர்ட் வரிசையில் அவர் ஏன் என் கையை அவ்வளவு இறுக்கிப் பிடிப்பார் என்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. முப்பது வருஷம் கூட வாழ்ந்தவளிடம் இதைச் சொல்ல ஒரு சுவர்ப் படம் வேண்டியிருந்ததே என்று அப்போதே எனக்குக் கோபம் வந்தது. ஊசி ஏற்றியிருந்த மனிசனோடு சண்டை பிடிக்க முடியாது என்று விட்டுவிட்டேன்.

“இஞ்சை பார்,” என்று படத்தைக் காட்டுவார். “நீ ஆர், எங்கையிருந்து வந்தனி எண்டு கேக்க இதிலை ஆளில்லை. பதில் சொல்லவும் ஆளில்லை. என்ன நிம்மதி.”

அசல் ஓவியம் லண்டனிலேயே இருக்கிறது என்று ஒரு நர்ஸ் சொன்னாள். டயலிசிஸ் இல்லாத ஒரு நாளில் மெட்ரோபொலிட்டன் லைன் ரயிலில் ஏறி, இரண்டு இடத்தில் இறங்கி இளைப்பாறி, நகர நடுவில் உள்ள அந்தப் பெரிய ஓவியக் கூடத்துக்குப் போனோம். அசல் நான் நினைத்ததைவிடச் சின்னது, எங்கள் முன்னறை டிவி அளவுதான் இருக்கும். பக்கத்தில் ஒட்டியிருந்த குறிப்பில், வரைந்தவர் குறியீட்டு ஓவியர்களின் வழியைச் சேர்ந்தவர், இந்த ஏரியும் மலையும் ஓர் இடத்தைக் காட்டவில்லை, ஒரு மனநிலையைக் காட்டுகின்றன என்று எழுதியிருந்தது. நான் அதை வாசித்துத் தமிழில் சொன்னேன்.

“மனநிலையோ மண்ணாங்கட்டியோ,” என்றார். “எனக்கு இது தண்ணி. நல்ல குளிர்த் தண்ணி.” டயலிசிஸ்காரருக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று அளவு உண்டு. நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார்.

அரை மணித்தியாலம் அப்படியே நின்றார். எனக்குக் கால் உளைந்தது. கொஞ்சம் சீண்டிப் பார்க்கலாம் என்று கேட்டேன், “எல்லாம் சரி. இதிலை நான் எங்கை?”

“நீ இஞ்சை என்ர பக்கத்திலை நிண்டு பாக்கிறாய். பாக்கிற ஆள் உள்ளுக்கை நிக்கேலுமே?” என்றார். நல்லாத்தான் சமாளிக்கிறார் என்று நினைத்தேன்.

வாசலில் இருந்த கடையில் அந்தப் படத்தின் போஸ்ட்கார்டு ஒன்று வாங்கினார். வீட்டுக்கு வந்து ப்ரிஜ் கதவில் காந்தத்தால் ஒட்டினார். ஒரு நாள் பால் எடுக்க வந்தவர் கதவைப் பிடித்தபடியே நின்று சொன்னார்: “நான் போனால் அண்ணை கட்டாயம் கல்வெட்டு அடிப்பார். விடமாட்டார். அடிக்கட்டும். ஆனா அட்டையிலை என்ர மூஞ்சி வேண்டாம். இந்தப் படத்தை இப்பிடியே போடு. ஒண்டும் சேக்காதை. ஒருத்தரும் இல்லாமல் இருக்கவேணும்.”

“விசர்க்கதை கதைக்காமல் பாலை வைச்சிட்டுக் கதவைச் சாத்துங்கோ,” என்றேன். அவர் சாத்தவில்லை. “சொல்லு, போடுவியோ?” என்றார். போடுவேன் என்றேன். அவர் என்னிடம் கேட்டு வாங்கிய கடைசி வாக்கு அது. ஆறு மாதத்தில் போய்விட்டார்.

அவருடைய அண்ணையை நான் அத்தான் என்று கூப்பிடுவேன். எழுபதை நெருங்குகிறவர், ஹரோவில் வீடு, கணக்காளராக இருந்து ஓய்வு பெற்றவர், கோயில் சபையில் இருக்கிறார். நல்ல மனிதர்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் நல்ல மனிதர்கள் ஒரு காரியத்தைக் கையில் எடுத்துவிட்டால் பிறகு அதில் வேறு யாருக்கும் இடமில்லை. கொள்ளி வைத்தது அவர். ஐயரைப் பிடித்தது, மண்டபம் எடுத்தது, சமையலுக்குச் சொன்னது எல்லாம் அவர். “பிள்ளை, நீ ஒண்டுக்கும் யோசியாதை,” என்று நாளுக்கு நாலு தரம் சொன்னார். நான் யோசித்தது ஒன்றே ஒன்று. அட்டையை மட்டும் என்னிடம் விடுங்கள் என்றேன். கணவர் சொன்னதை வரிக்கு வரி சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். ஒரு போட்டோ தரச் சொல்லிக் கேட்டபோது நான் மறுத்துவிட்டேன். போஸ்ட்கார்டை ஸ்கேன் செய்து அச்சகத்துக்கு நானே அனுப்பினேன். அச்சகத்துத் தம்பி அட்டையை வடிவமைத்து வாட்ஸப்பில் அனுப்பினார். ஏரி, மலை, கீழே சின்னதாகப் பெயர். அவ்வளவுதான். பார்த்துவிட்டு அன்றைக்குத்தான் செத்தவீட்டுக்குப் பிறகு முதல்முறையாக வயிறாரச் சாப்பிட்டேன்.

முப்பத்தோராம் நாள். பள்ளிக்கூட மண்டபம் ஒன்றில் சாப்பாடு முடிந்து, பாயாசக் கிண்ணங்களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். அத்தானின் ஆட்கள் பெட்டிகளைப் பிரித்துக் கதவடியில் நின்று ஒவ்வொருவருக்கும் கல்வெட்டைக் கொடுக்கத் தொடங்கினார்கள். கொஞ்ச நேரத்தில் ஒன்றை வாங்கிக்கொண்டு என்னிடம் சொல்லிக்கொள்ள வந்த ஒரு மனுசி அதை எனக்குக் காட்டி, “அண்ணையின்ர படம் நல்ல வடிவா வந்திருக்கு, என்ன?” என்றார்.

ஏரி இருந்தது. மலைகள் இருந்தன. இரண்டு மலைகளுக்கும் நடுவில், சூரியன் உதிக்கிற இடத்தில், என் கணவரின் தலை. தலையைச் சுற்றி மஞ்சள் ஒளிவட்டம். குரோய்டனில் அகதி விண்ணப்பத்துக்கு எடுத்த படம் என்று பார்த்ததுமே விளங்கியது. கன்னம் ஒட்டி, கண்கள் பிதுங்கி, ‘நீ யார்’ என்று யாரோ கேட்டுக்கொண்டிருக்கிறபோது விழிக்கிற அதே முகம். அந்தப் பயந்த முகத்துக்குக் கீழே கம்ப்யூட்டரில் ஒரு கறுப்புக் கோட்டும் சிவப்பு டையும் மாட்டியிருந்தார்கள். கழுத்தில் ஒரு மாலை. ஏரியின் இடது பக்கம் இரண்டு அன்னங்கள், வலது பக்கம் ஒரு குத்துவிளக்கு, தண்ணீருக்கு மேலே எரிந்துகொண்டிருந்தது.

இதோடு விட்டிருந்தால்கூட நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருப்பேனோ என்னவோ. மலைக்கு ஏரியில் நிழல் விழுகிறதே, அவருக்கும் விழ வேண்டாமா? தண்ணீருக்குள் தலைகீழாக இன்னொரு முகம். கோட்டு, டை, மாலை எல்லாம் தலைகீழாக. ஒருத்தரும் இல்லாமல் இருக்கவேணும் என்று கேட்ட மனிசனை இரண்டு பேராக்கி வைத்திருந்தார்கள்.

எழுந்தேன். அந்தப் புத்தகத்தை வாங்கித் திறந்தபோது மனைவி புலம்பல் கண்ணில் பட்டது. பூவும் பொட்டும் போயிற்றே, பொன்மேனி வேகிற்றே என்று நான் எட்டு வரி அழுதிருந்தேன். நான் அழுதது எனக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

புருஷன் செத்து முப்பத்தோராம் நாள் பெண்சாதி சத்தம் போடக்கூடாது, மெதுவாக விம்ம வேண்டும். நான் சத்தம் போட்டேன். “அதைக் குடுக்காதேங்கோ! வையுங்கோ கீழை!” மண்டபம் அப்படியே நின்றுவிட்டது. கதவடிக்குப் போய், ஆட்களின் கையிலிருந்து புத்தகங்களைப் பறித்தேன். ஆம், பறித்தேன். மருந்துக்கடைக்கு வருகிற, நான் தினமும் சிரித்துப் பேசுகிற சனங்களின் கையிலிருந்து. ஒரு மனுசி தன் கைப்பைக்குள் வைத்து ஸிப்பை இழுத்துவிட்டார், அதை மட்டும் என்னால் எடுக்க முடியவில்லை. யாரோ எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். யாரோ என் தோளைப் பிடித்து, “அழு பிள்ளை, அழுதால் ஆறும்,” என்றார்கள். நான் அழவில்லை, திட்டிக்கொண்டிருந்தேன். அதையும் அழுகைக் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். அடித்த முந்நூறில் கிட்டத்தட்டப் பாதி அதற்குள் கார்களில் ஏறிப் போயிருந்தது. மிச்சப் பெட்டிகளை நான் என் காரில் ஏற்றினேன்.

மறுநாள் காலை அச்சகத்துக்குப் போனேன். ரெய்னர்ஸ் லேனில் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடி. அந்தத் தம்பி என்னைக் கண்டதும் எழுந்து நின்றார்.

“அக்கா, பெரியண்ணை போன் எடுத்து, வெறும் தண்ணியா இருக்கு, ஆளைப் போடு எண்டவர். படமும் அவர்தான் தந்தவர். நான் உங்களுக்கும் தெரியும் எண்டு நினைச்சன்.”

“நிழல் போட்டது ஆர்? அதுவும் அத்தானோ?”

அவர் தலை குனிந்தார். “அது நான்தான் அக்கா. மலைக்கு நிழல் கிடக்கு, அண்ணைக்கு இல்லாட்டி சனம் பிழை சொல்லும். ரெண்டு மணித்தியாலம் மினக்கெட்டனான்.” அந்தப் பிள்ளை அதைப் பெருமையாகத்தான் செய்திருக்கிறது. அதை நினைக்க எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. கெட்ட எண்ணத்தோடு செய்திருந்தால் இரண்டு வார்த்தை திட்டிவிட்டு வந்திருக்கலாம்.

முதலில் அனுப்பிய அந்த வெறும் ஏரியை அட்டை அளவில் முந்நூறு தாள் அடித்துத் தரச் சொன்னேன். “எதுக்கு அக்கா?” என்றார். “ஒட்ட,” என்றேன்.

அங்கிருந்து நேரே அத்தான் வீட்டுக்குப் போனேன். கல்வெட்டு ஒன்று சாமி அறையில், விபூதித் தட்டுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்திருந்தது. அவர் என்னை இருக்கச் சொன்னார். நான் இருக்கவில்லை.

“ஏன் அத்தான் இப்பிடிச் செய்தனீங்கள்? அவர் கேட்டதை உங்களுக்கு ஒரு சொல் விடாமல் சொன்னனானெல்லே?”

“அவன் வருத்தத்திலை கேட்டது பிள்ளை. ஆள் இல்லாத படத்தைக் குடுத்தால், இது ஆற்ர கல்வெட்டு எண்டு சனம் கேக்காதே?”

“கேக்கட்டுமே! பேர் கிடக்குத்தானே. சனத்துக்காகவோ அவர் செத்தவர்?”

அத்தான் சாமி அறைப் பக்கம் திரும்பினார். பிறகு சொன்னார், “அந்தப் படம் எடுக்க அவனைக் கூட்டிக்கொண்டு போனது நான். குரோய்டன் ஸ்ரேஷனிலை காசு போட்டுப் படம் எடுக்கிற பெட்டி. முகம் தெரியேல்லை எண்டு ஸ்ரூலைச் சுத்திச் சுத்தி உயத்திவிட்டதும் நான்தான். அவன் ஊரிலையிருந்து வெளிக்கிட்டு எட்டு மாசம் எங்கை நிக்கிறான், இருக்கிறானோ இல்லையோ எண்டு தெரியாமல் இருந்தனாங்கள். நாலு படம் வந்தது. ரெண்டை விண்ணப்பத்தோடை குடுத்தம். ஒண்டை ஊருக்கு அனுப்பினன், அம்மா பாக்கட்டும் எண்டு. ஒண்டை நான் வைச்சிருந்தனான். அவன் உயிரோடை வந்து சேந்திட்டான் எண்டதுக்கு எனக்கு அதுதான் சாட்சி. வெறும் தண்ணியைப் பாக்க என்னாலை ஏலாமல் போச்சு பிள்ளை.”

இதைக் கேட்டு என் மனம் இளகிவிட்டது என்று எழுத எனக்கு ஆசைதான். இளகவில்லை. அவருடைய பாசத்துக்கு ஒரு முகம் தேவைப்பட்டிருக்கிறது, சரி. அந்த முகத்தைச் சுமந்தவர் முப்பது வருஷம் அதைக் காட்டிக் காட்டிப் பயந்து திரிந்தாரே, அதை யார் கேட்டார்கள்? வைத்திருப்பவருக்கு அது சாட்சி. காட்டித் திரிந்தவருக்கு அது விசாரணை. நான் அதை அப்படியே அத்தானிடம் சொல்லவில்லை. “உங்கடையிலையும் ஒட்டவேணும், தாங்கோ,” என்று மட்டும் கையை நீட்டினேன்.

“என்ரயிலை ஒட்டாதை,” என்றார். அந்த மனிதரின் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை. சாமி அறையைப் பார்த்தேன், அவரைப் பார்த்தேன். நீட்டிய கையை மடக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அந்த ஒன்று இன்னும் அங்கேதான் இருக்கிறது.

பிறகுதான் வீடு வீடாகப் போகத் தொடங்கினேன். எங்கே தேட வேண்டும் என்று எனக்குத் தெரியும், எங்கள் சனம் கல்வெட்டை எறியாது. கடை முடிந்து பின்னேரங்களில் போவேன். கதவைத் திறப்பவர்கள் முதலில் தேத்தண்ணி போடட்டா என்று கேட்பார்கள். நான் விஷயத்தைச் சொன்னதும் அறைக்குள் போய்க் குசுகுசுப்பார்கள். பிறகு லாச்சி இழுபடுகிற சத்தம் கேட்கும். மற்றச் செத்தவர்களை ஒதுக்கி, என் கணவரை எடுத்துக்கொண்டு வந்து தருவார்கள். அங்கேயே அவர்கள் சாப்பாட்டு மேசையில் வைத்துப் பசை தடவி, ஏரியை ஒட்டி, நீவித் திருப்பிக் கொடுத்துவிடுவேன். சிலர் விளங்கிக்கொண்டார்கள். ஒருவர், “இப்பத்தான் வடிவா இருக்கு,” என்றார். ஒரு வீட்டில், “அண்ணையின்ர முகத்தை மூடுறது நல்லதில்லை, வீட்டுக்கு ஏதும் வரும்,” என்று கதவைச் சாத்தப் பார்த்தார்கள். “வாறதெல்லாம் எனக்கு வந்திட்டுது, மிச்சம் இல்லை, கொண்டு வாங்கோ,” என்றேன். கொண்டு வந்தார்கள். மண்டபத்தில் ஸிப்பை இழுத்த மனுசியைத் தேடி மூன்று தரம் போனேன். மூன்றாம் தரம், கதவைத் திறந்ததுமே புத்தகத்தை நீட்டினார். நான் வருவேன் என்று வாசல் மேசையிலேயே எடுத்து வைத்திருந்தாராம்.

கடையிலும் இது பரவிவிட்டது. மருந்துச் சீட்டோடு கல்வெட்டையும் கொண்டுவந்து கவுண்டரில் வைக்கத் தொடங்கினார்கள். மருந்து எடுக்கிற நேரத்தில் நான் அவரை மூடிக் கொடுத்தேன். பரிதாபமும் கேலியுமாகப் பார்த்தார்கள். பார்க்கட்டும். ‘பாவம், பைத்தியம்’ என்ற பெயர் வந்த பிறகு, கேட்டதெல்லாம் சுலபமாகக் கிடைத்தது.

நாலு மாதம் போனது. பெட்டிகளில் இருந்ததும் வீடுகளில் இருந்ததுமாக, என் கைக்கு எட்டியதெல்லாம் முடிந்தது. கடைசியில் என்னுடைய பிரதி மிஞ்சியது. ஒரு புதன்கிழமை, முன்பென்றால் அவரோடு ஆஸ்பத்திரியில் இருந்திருக்கக்கூடிய காலை நேரம், சமையலறை மேசையில் அதை வைத்துக்கொண்டு இருந்தேன். இவ்வளவு நாளும் ஒட்டிய அவசரத்தில் அந்த முகத்தை நான் சரியாகப் பார்க்கவில்லை. இருபத்தாறு வயது. அது எடுத்தபோது எனக்கு அவரைத் தெரியாது. நாங்கள் கல்யாணம் கட்டியது அதற்கு மூன்று வருஷத்துக்குப் பிறகு. நான் நேரில் காணாத முகம். ‘நீ யார்’ என்று கேட்டால் என்ன சொல்லுவது என்று தெரியாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் கேட்கவில்லை. பசையைத் தடவினேன்.

தாளை வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு உள்ளங்கையால் நீவினேன். மேலே இருந்தவர் போனார், தண்ணீருக்குள் தலைகீழாக இருந்தவரும் போனார். ஏரி, இரண்டு மலைகள், மலைகளின் நிழல். ஒருத்தரும் இல்லை.

அப்போது வந்த கோபத்துக்கு முன்னால் நாலு மாதக் கோபமும் ஒன்றுமில்லை. அத்தான்மேலும் அந்த அச்சகத்துப் பிள்ளைமேலும் ஸிப்பை இழுத்த மனுசிமேலும் கோபப்பட்டு முடித்தாயிற்று. ஒருவர்தான் மிச்சம். ஒருத்தரும் இல்லாத இடம் வேணும் என்று ப்ரிஜ் கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டாரே, அந்த ஒருத்தருக்குள் நானும் சேர்த்தியா? முப்பது வருஷம் சமைத்துப் போட்டு, ஊசி ஏற்றிய கையைத் துடைத்து, வரிசைகளில் நசுங்க நசுங்கக் கையைக் கொடுத்தவளும் இல்லாமல் இருந்தால்தான் அந்த மனிசனுக்கு நிம்மதியா? இதற்காகவா நான் தெருத் தெருவாக அலைந்தேன், நான் இல்லாத ஒரு படத்துக்காக? பக்கத்தில் நின்று பார்க்கிறாய் என்றார். பார்க்கிறேன், பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன், பக்கத்தில் யார்?

“இஞ்சாருங்கோ,” என்று அந்தச் சமையலறையில் வாய்விட்டுக் கத்தினேன், “இதிலை நான் எங்கை?”

பசை காயும்வரை அந்தத் தண்ணீரின்மேல் வைத்த கையை நான் எடுக்கவில்லை.